உறையின் மேலிருந்த தேதி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வந்து சேர்ந்தேன், என் பெட்டியும் வந்து சேர்ந்தது. அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாளா, இல்லை தேய்த்ததாக உன்னிடம் கணக்குக் காட்டுகிறாளா?

வேலையில் சேர்ந்து மூன்று நாள். லிஃப்ட் பரிசோதனைப் பொறியாளர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதே. ஒரு சீனியரோடு கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு யார் விரலையாவது நசுக்குமா என்று பார்க்க வேண்டும். சீனியர் வாயே திறக்கமாட்டார். முதல் நாள் முழுக்க அவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "கீழ பாக்காத." நான் பார்த்தேன். இனி பார்க்கமாட்டேன்.

கம்பெனி விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் காலி செய்துவிட வேண்டுமாம். இந்த ஊரில் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று கேட்டால் ஆபீசில் ஆளுக்கொரு பேச்சு. நீதான் ஒன்பது வருஷமாக அஞ்சலகத்தில் உட்கார்ந்து இந்த ஊர் மொத்தத்தையும் பின்கோடாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாயே! நீ எந்த இடம் என்கிறாயோ, கண்ணை மூடிக்கொண்டு அங்கே குடிபோகிறேன். போனில் கேட்டால் உன் கவுன்டருக்கு முன்னால் வரிசை நிற்கும், கடித்துக் குதறுவாய். அதனால் எழுது.

உன் வாலு

---

ஜூன் 12

வாலுப் பெண்ணுக்கு,

அம்மாவின் முட்டி அப்படியேதான். தைலம் பாதி பாட்டில் குறைந்திருக்கிறது, எங்கே போனது என்று தெரியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. லிஃப்டின் தலைமேல் ஏறுகிறவள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது.

வீடு விஷயம். ஒரு பகுதி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அங்கே போக வேண்டியதில்லை, அங்கிருந்து திரும்பி வரும் தபாலைப் பார்த்தால் போதும். பின்கோடு இருபத்தெட்டில் முடிகிற பகுதியிலிருந்து வாரத்துக்குப் பத்து உறையாவது "ஆள் இல்லை" என்று திரும்பி வருகிறது. அங்கே யாரும் ஆறு மாதம் தாண்டித் தங்குவதில்லை என்று அர்த்தம். முப்பத்தைந்துக்குப் போகிற பார்சல் எல்லாம் பெரிய பெரிய கடைகளுடையது. பக்கத்து வீட்டுக்காரி உன் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள்.

நாற்பத்தொன்றுக்குப் போ. பெரிய மருத்துவமனைக்குப் பின்பக்கம். நர்சுகளும் கணக்கர்களும் இருக்கும் இடம். தபால் ஒன்றுகூடத் திரும்பி வராது. ஒழுங்கான பகுதி.

அறுபத்திரண்டு, அந்த வாய்க்கால் ஓரம், அந்தப் பக்கம் மட்டும் போகாதே. கொசு பிடுங்கி எடுக்கும், சுவரெல்லாம் ஈரம், துணி காயாது. யாராவது அழகான இடம் என்று சொன்னால் நம்பாதே. நான் சொல்வதைக் கேள்.

அக்கா

---

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு என் முத்தம், முட்டிக்குத் தனியாக ஒன்று.

நாற்பத்தொன்றைப் பார்த்தேன். எட்டு மாடி, புதுக் கட்டடம், லிஃப்ட் அருமை, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ஆனால் அதில் ஏறின நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு "எந்த மாடி" கூட இல்லை.

திட்டாதே. அறுபத்திரண்டுக்கும் போனேன்! வேண்டுமென்று போகவில்லை, அங்கே ஓர் அச்சகத்தில் சரக்கு லிஃப்ட் மாட்டிக்கொண்டது. வேலை முடிந்து வாய்க்கால் ஓரமாக நடந்தேன் அக்கா. எல்லாம் ரெண்டு மாடி வீடுகள். லிஃப்டே இல்லாத தெரு! நாள் முழுக்க லிஃப்டில் கிடக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வீட்டு வாசலில் "மேல் அறை வாடகைக்கு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஏறிப் பார்த்தேன். ரெண்டு ஜன்னல், ரெண்டுக்கும் கீழே தண்ணீர். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தினவர். தெருவே அவரைச் சிவப்புப் பேனா அம்மா என்றுதான் சொல்கிறது. அவரிடம் ஒரு வழக்கம். அறை வேண்டும் என்கிறவர்கள் ஏன் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். யாருடைய கடிதம் பிடிக்கிறதோ அவருக்கு அறை. "மூஞ்சியப் பாத்துக் குடுத்து ரெண்டு தடவை ஏமாந்துட்டேன். எழுத்து ஏமாத்தாது" என்கிறார். கடைசி நாள் ஜூலை 15.

எனக்கு எழுத வருமா? பள்ளிக்கூட லீவு லெட்டரிலிருந்து இந்த வேலைக்கான விண்ணப்பம் வரைக்கும் நீ எழுதியதைத்தானே நகல் எடுத்தேன். இதையும் எழுதி அனுப்பிவிடு. தபாலுக்கு நாலு நாள் ஆகும், ஞாபகம் வை. நீ சொன்னதை மீறிப் போனதற்கு ரெண்டு திட்டும் சேர்த்தே எழுது.

உன் வாலு

---

ஜூலை 1

வாலுப் பெண்ணுக்கு,

அம்மா உன் முத்தத்தை வாங்கிக்கொண்டாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ கேட்கவில்லை என்றாலும்.

சொன்ன பேச்சைக் கேட்கிற வழக்கம் உனக்கு எப்போது இருந்தது? போனாயிற்று, பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. உனக்கு எல்லாம் அவ்வளவு சுலபம்.

எழுதித் தருகிறேன். அதற்கு அறையைப் பற்றிச் சரியாகத் தெரிய வேண்டும். வாய்க்கால் பக்கத்து ஜன்னல்களில் இடதுபக்கம் உள்ளது இழுத்தால்தான் மூடுமா? மாடிப்படி திரும்புகிற இடத்தில் சுவரிலே ஒரு மாடம் இருக்கிறதா? அந்தப் பச்சைக் கதவு இன்னும் பச்சைதானா? காலை வெயில் கட்டில் மேல் விழுமா, தரையில் விழுமா?

எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று எழுத நினைத்தேன். நீ சிரிப்பாய். அதனால் எழுதவில்லை.

அக்கா

---

ஜூலை 9

அக்கா,

அஞ்சலட்டையில் நலம் விசாரிக்க இடமில்லை, எல்லோரும் நலமாக இருங்கள். இடது ஜன்னல் இழுத்தால்தான் மூடும். மாடம் இருக்கிறது. வெயில் தரையில். கதவு பச்சைதான், ஆனால் நான் கதவைப் பற்றி எழுதவே இல்லையே? உனக்கு எப்படித் தெரியும்? அது கிடக்கட்டும், கடிதம் எங்கே? இன்னும் ஆறே நாள்! தபால்காரரைக் கண்டால் நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து விடுதியில் எனக்குக் காதல் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வாலு

---

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் சுகம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

பன்னிரண்டாம் தேதி உன் அஞ்சலகத்துக்குப் போன் போட்டேனே. "போட்டாச்சு, வந்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். பதினைந்து சாயங்காலம் வரை காத்திருந்தேன். வரவில்லை. பிறகு நானே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புப் பேனா அம்மா என் எதிரிலேயே படித்தார். பதினேழு இடத்தில் கோடு போட்டார். "நல்ல பொண்ணுதான். ஆனா எல்லாருக்கும் சொல்றதையே எனக்கும் சொல்லியிருக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அறை ஒரு பல் டாக்டருக்குப் போய்விட்டது.

பேருந்தில் நின்றுகொண்டே அழுதேன். ஓர் அறைக்குப் போய் அழுகிறாளே என்று நினைக்காதே. இந்த ஊரில் நான் கேட்ட முதல் பொருள் அது.

உன் வாலு

---

ஜூலை 5
(தங்கையின் கைக்கு இது வந்தது ஜூலை 20)

வாலுப் பெண்ணுக்கு,

அம்மா தூங்குகிறாள், நான் நலம். நீ கேட்டது கீழே. அப்படியே நகல் எடுத்துக் கொடு, உன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காதே.

"அம்மா, எனக்கு நிறைய இடம் வேண்டாம். என் சாமான்கள் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். வேலை முடிந்து வந்தால், யாரும் எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார ஒரு நாற்காலி போட இடமிருந்தால் போதும். நாள் முழுக்க மற்றவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. உங்கள் ஜன்னலைப் பார்த்தபோது அது இங்கேதான் என்று தோன்றியது. சத்தம் போடமாட்டேன். படியில் மெதுவாக ஏறுவேன்."

அக்கா

---

ஜூலை 25

வாலுப் பெண்ணுக்கு,

உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. பேருந்தில் நின்று அழாதே, கைப்பையை அடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் ஐந்தாம் தேதியே போட்டுவிட்டேன். உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்தின் லட்சணம் எனக்குத் தெரியும், மூட்டையைப் பிரிக்காமல் போட்டுவைத்திருப்பார்கள். யாரை என்ன சொல்வது? நடந்தது நடந்துவிட்டது. நாற்பத்தொன்று இருக்கவே இருக்கிறது. ஒருவிதத்தில் இதுவும் நல்லதுக்குத்தான். கொசுவுக்குத் தப்பினாய்.

அம்மா உன்னைக் கேட்டாள். தினமும் உன்னைத்தான் கேட்கிறாள்.

அக்கா

---

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உன்மேல் துளி சந்தேகம் வரவில்லை. தலைமை அஞ்சலகத்தின் மேல்தான் கோபம் வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய்ச் சண்டை போட்டேன். "எங்க அக்காவும் போஸ்ட் ஆபீஸ்தான், ஒன்பது வருஷ சர்வீஸ், அவ பொய் சொல்லமாட்டா" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாக உறையைத் திருப்பிக் காட்டினார். "எங்க மேல ஏம்மா கோவப்படுற? இந்தா பாரு, பதினாறாம் தேதி குத்தியிருக்கு. நாலாம் நாள் குடுத்துட்டோம்."

உன் முத்திரை. உன்னுடையது மட்டும்தான் ஒரு எழுத்துகூடக் கலையாமல் விழும். பதினாறு. கடைசி நாள் முடிந்த மறுநாள்.

அதோடும் விடவில்லை நான். உன் கடிதத்தையாவது காட்டுவோம் என்று சிவப்புப் பேனா அம்மாவிடம் போனேன். முதல் ரெண்டு வரி படித்ததும் எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய காகிதத்தோடு வந்தார். நாற்காலி, அரை மணி நேரம், யாரும் எதுவும் கேட்காமல், எல்லாம் அப்படியே. கீழே உன் கையெழுத்து. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த பொண்ணு. ஒரு கோடு போடல நான். அறை உனக்குத்தான்னு சொன்னேன். வரவே இல்ல. ரெண்டு மாசம் பூட்டியே வெச்சிருந்தேன்" என்றார்.

நீ இந்த ஊருக்குப் பத்து நாள் பயிற்சிக்கு வந்தாயே, அப்போதா? திரும்பி வந்து "பயிற்சி சுத்த போர்" என்றாயே. ஏன் சொல்லவில்லை? எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். என்னை ஊரார் முன்னால் பொய்க்காரியாக்கினாய்.

நாற்பத்தொன்றில் ஆறாவது மாடியில் வீடு எடுத்துவிட்டேன். உனக்குத் திருப்திதானே? இனி எனக்கு எழுத வேண்டாம்.

---

ஆகஸ்ட் 21

வாலுப் பெண்ணுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

உன் பதிலுக்குக்கூடக் காத்திராமல் கடிதத்தை ஐந்தாம் தேதியே எழுதிவிட்டேன், அது பொய்யில்லை. மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். பத்து நாள் தினமும் திறந்து பார்த்தேன், மூடினேன். நீ போன் செய்தபோதுகூட அது என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. பதினாறாம் தேதி காலையில் எடுத்தேன். முத்திரையில் தேதி எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்? தினமும் காலையில் நான்தான் மாற்றுகிறேன். ஐந்துக்குத் திருப்பினேன். ஒரு துண்டுக் காகிதத்தில் குத்திப் பார்த்தேன், பளிச்சென்று விழுந்தது. உன் உறையில் குத்தப் போனால் கை வரவில்லை. திரும்பப் பதினாறுக்கு மாற்றிக் குத்தினேன். உன் அக்காவின் நேர்மை அவ்வளவுதான். முத்திரைக்குக் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே நீ உறையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் படிப்பாய், பார்க்கமாட்டாய் என்று நினைத்தேன். எனக்காகச் சண்டை போட அதைப் பத்திரமாக வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ கேட்டது சரி, பயிற்சிக்கு வந்த பத்து நாளில் ஒரு நாள்தான் வாய்க்கால் ஓரம் போனேன். உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்துக்கு என்னை மாற்றி உத்தரவு வந்தது அப்பா போன அடுத்த மாதம். நீ எட்டாம் வகுப்பு. அம்மா சமையலறையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று நீ சைக்கிள் கேட்டு அடம்பிடித்தாய்.

உன்மேல் ஆசை இல்லாமலில்லை. நீ படித்ததில், வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் போனேன், பார்த்தேன், பிடித்தது என்று எழுதினாய் பார், வயிறு எரிந்துவிட்டது. வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் பொறுத்திருப்பேன். ஊர் முழுக்கத் தெரு இருக்க அந்தப் படியிலேயா போய் ஏற வேண்டும்? அதற்கும் கடிதம் நானே எழுத வேண்டுமா? சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நீ வேலையில் மும்முரம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா

---

நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் முட்டி? உன் முதுகு? கவுன்டர் நாற்காலியில் உட்கார்ந்து உனக்கும் முதுகுவலி என்று அம்மா எழுதித்தான் தெரியும். நீ ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் மாதம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டாவது மாதம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன், அந்த நாற்காலிக் கடிதத்தை. எனக்காக எழுதினாயே, அதில் நான் எங்கே இருக்கிறேன்? யாரும் எதுவும் கேட்காமல் அரை மணி நேரமாம். என்னை இங்கே யார் எதைக் கேட்கிறார்கள்? சீனியர்கூடக் கேட்பதில்லை. அந்த வரியெல்லாம் உன்னுடையது. சைக்கிள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் ஓடிவிட்டார். சிவப்புப் பேனா அம்மா என் ஆபீசுக்கே தேடிக்கொண்டு வந்தார். "உங்க அக்கா வருவாளா? அவளுக்குக் குடுத்த அறை அது, மறுபடியும் லெட்டர் எல்லாம் வேண்டாம். அவ வரலேன்னா நீ எடுத்துக்கோ" என்றார்.

அக்கா, எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்குப் பதினேழு கோடு, உனக்கு ஒன்றுகூட இல்லை. நான் நேரில் போய் நின்றேன், கெஞ்சினேன், அழுதேன். ஒன்பது வருஷமாக எட்டிப் பார்க்காத உனக்குக் கதவு திறந்திருக்கிறது, நான் மிச்சம் மீதிக்கு.

மாற்றல் கேட்டு விண்ணப்பம் போடு. மார்ச் வரை பூட்டி வைத்திருக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். அம்மா என்னோடு இருக்கட்டும், இங்கே லிஃப்ட் இருக்கிறது, முட்டிக்குப் படியே வேண்டாம். "அம்மாவை விட்டு எப்படி" என்று ஆரம்பிக்காதே. உன் முறை முடிந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை என்றாயே, நான் சொல்கிறேன். போ.

உன் வாலு

பி.கு: உறையின் முத்திரையைப் பார். இருபத்தெட்டு இருக்கும். மூன்று நாள் இதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நீ வரமாட்டேன் என்று சொன்னதாக அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பத்து நாள் உன்னால் எப்படித் தாங்க முடிந்தது?

---

ஏப்ரல் 9

வாலுப் பெண்ணுக்கு,

உனக்கும் எனக்கும் நடுவே ஏழே பேருந்து நிறுத்தம். இருந்தாலும் எழுதுகிறேன், பேசினால் அம்மா நடுவில் புகுந்துவிடுகிறாள்.

முதலில் ஓர் ஒப்புதல். உன்னைப் பயமுறுத்த வாய்க்கு வந்தபடி எழுதினேனே, கொசு, ஈரம், துணி காயாது என்று. அத்தனையும் உண்மை! பல் டாக்டர் ஏன் ஓடினார் என்று இப்போது புரிகிறது. போன செவ்வாய் துவைத்த புடவை இன்னும் நசநசவென்று இருக்கிறது. சிவப்புப் பேனா அம்மாவிடம் சொன்னால், "லெட்டர்ல துணியப் பத்தி ஒண்ணும் எழுதலயே நீ" என்கிறார்.

நாற்காலி போட்டாயிற்று. யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இப்போது ஆறு மணிக்குப் படியில் சத்தம் கேட்டால் நீதானா என்று எட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேனே, அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் லிஃப்டில் எட்டு மாடியும் ஏற்றி இறக்கிக் காட்டினாள். நாலு சுவரைப் பார்த்து நிற்கிற ஆட்கள் என்றாயே, அத்தனை பேரும் அவளிடம் முட்டி எப்படி என்று கேட்கிறார்கள். தைலத்தையும் ஒழுங்காகத் தேய்த்துக்கொள்கிறாள், நீ சொன்னால் மட்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்? இந்த முறை எழுதியே விடுகிறேன். பொறாமையாக இருக்கிறது. சிரித்துக்கொள்.

வருகிற ஞாயிறு நீ இங்கே வா. உனக்கென்று இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். வந்து அரை மணி நேரம் உட்கார், என்னை எதையாவது கேட்டுக்கொண்டே இரு.

உறையைக் கிழித்து எறிவதற்கு முன்னால் முத்திரையைப் பார்த்துக்கொள். ஒன்பதாம் தேதி எழுதினேன், ஒன்பதாம் தேதியே குத்தினேன்.

அக்கா